புது விசுவாசிகள் திரும்பத் திரும்ப இடறும் இடங்கள்

கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு சில வாரங்களே ஆனவர்களோடு உட்கார்ந்து பேசினால், ஒரே கதை வேறு வேறு வாயிலிருந்து வரும். முன்னால் போனவர்கள் இடறிய அதே கல்லில் இவர்களும் கால் வைப்பார்கள். "ஜெபம் பண்ணு, வேதம் வாசி, சபைக்குப் போ" என்பதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதையெல்லாம் செய்ய மனமுள்ளவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

யாத்திராகமத்தில் நின்றுபோவது

வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். எந்தப் புத்தகத்தையும்போல முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஆதியாகமம் கதையாக ஓடும், 50 அதிகாரம் போவதே தெரியாது. யாத்திராகமம் 20 வரையிலும் கஷ்டமில்லை. 25ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலர் ஆராதனைக்காகச் சுமந்து சென்ற ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கு ஆரம்பிக்கும்: பலகை, பாதம், கொக்கி, திரை. அதைத் தாண்டினால் லேவியராகமத்தின் பலிமுறைகள். பக்க அடையாளத்துக்கு வைக்கும் நாடா மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அந்தப் பகுதிகளில் குறையில்லை. எபிரெயர் நிருபத்தை வாசித்தபின் திரும்பி வந்தால் அவை வேறு மாதிரி பேசும்.

மாற்கில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். அடுத்து யோவான், 21. நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 37 நாளில் இரண்டும் முடியும். பிறகு அப்போஸ்தலர் நடபடிகள். வாசித்து முடித்ததும் ஒரு நோட்டில் இரண்டே வரி: இயேசு இங்கே என்ன செய்தார், அதற்கு நான் இன்று என்ன செய்ய வேண்டும். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் முரண்டு பிடித்தால், எளிய மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

விடியற்காலை 4 மணிப் பொருத்தனை

முதல் வார உற்சாகத்தில் "தினமும் 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பேன்" என்று பொருத்தனை. மூன்றாம் வாரம் அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்தால் தூக்கமும் வராது, குற்ற உணர்வும் போகாது. 15 நிமிடம் போதும். நாளின் அதே நேரம், அதே இடம், போன் வேறு அறையில். பாதி நேரம் வாசிப்பு, பாதி நேரம் ஜெபம். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் மத்தேயு 6இல் இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபத்தைச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று விண்ணப்பங்களும் அவருடைய நாமம், ராஜ்யம், சித்தம் பற்றியவை. உணவு, மன்னிப்பு, சோதனை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒவ்வொன்றிலும் நின்று, உங்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே இரண்டு வாக்கியம் பேசுங்கள். பிரசங்க மேடைத் தமிழ் வேண்டாம்.

விழுந்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது

எல்லாவற்றையும்விட எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். நஷ்டமும் இதில்தான் அதிகம்.

நடப்பது இப்படி. இரண்டு மாதம் நன்றாகப் போகிறது. ஒருநாள் பழைய பாவம் ஒன்றில் விழுகிறார். கோபமாக இருக்கலாம், பொய்யாக இருக்கலாம், இரவில் போனில் பார்த்ததாக இருக்கலாம். மறுநாள் ஜெபத்துக்கு உட்கார வெட்கம். "கொஞ்சம் சரியாகட்டும், அப்புறம் வருகிறேன்" என்று தள்ளுகிறார். பாவம் செய்தபின் ஏதேனில் மரங்களுக்குள் ஒளிந்துகொண்ட ஆதாமின் அதே புத்தி. ஒரு நாள் ஒரு வாரமாகும், வாரம் மாதமாகும். பிறகு ஏதோ ஓர் எழுப்புதல் கூட்டத்தில் "இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் முன்னே வாருங்கள்" என்றதும் அழுதுகொண்டே போய் அதே ஜெபத்தை மறுபடியும் சொல்கிறார். மூன்று மாதத்தில் இன்னொரு முறை. கையைத் தூக்கினவர்களை எண்ணிச் சந்தோஷப்படும் கூட்டங்கள் இதை நிறுத்தச் சொல்வதுமில்லை.

இதில் என்ன கெடுகிறது? இரட்சிப்பு தன் நடத்தையில் தொங்குகிறது என்று அவர் மனதுக்குப் பாடமாகிறது. எபேசியர் 2:8-9 அதைக் கிருபையினால் வந்த ஈவு என்கிறது, கிரியைகளினால் உண்டானதல்ல என்கிறது. எத்தனை முறை தொடங்கினாலும் தொடக்கத்திலேயே நிற்பவர் வளரவே மாட்டார். ஐந்தாம் ஆண்டிலும் அவருக்கு முதல் மாதம்தான்.

உறவு வேறு, ஐக்கியம் வேறு. லூக்கா 15இல் தகப்பன் வீட்டை விட்டுப் போன இளைய மகன் பன்றிகளை மேய்க்கும்போதும் மகன்தான். அறுந்துபோனது தகப்பனோடு இருந்த ஐக்கியம். வழியில் அவன் மூன்று வாக்கியம் தயார் செய்கிறான்: பாவம் செய்தேன், மகன் எனப்பட நான் பாத்திரன் அல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். 21ஆம் வசனத்தைப் பாருங்கள். முதல் இரண்டைத்தான் சொல்கிறான். மூன்றாவது வருவதற்குள் தகப்பன் வேலைக்காரர்களிடம் வஸ்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார். கூலிக்காரனாகத் திரும்பச் சேர அந்த வீட்டில் வழியே இல்லை.

1 யோவான் 1:9 எழுதப்பட்டது விசுவாசிகளுக்கு. "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்று அப்போஸ்தலர் தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார். ஆகவே விழுந்தால் செய்ய வேண்டியது:

அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே அறிக்கையிடுங்கள். பாவத்தைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்களை" என்ற மொத்தக் கணக்கு இங்கே உதவாது. "இன்று காலை இன்னாரிடம் பொய் சொன்னேன்" என்று சொன்னால்தான் அதற்குக் கனம் வரும். வார்த்தை வராவிட்டால் 51ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். மனுஷருக்குக் கடன்பட்டிருந்தால் தீர்த்துவிடுங்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். அதே பாவம் மூன்றாம் முறை வந்தால் தனியாகப் போராடாமல், வாயை மூடத் தெரிந்த முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் சொல்லுங்கள், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16 இதற்குத்தான். மறுநாள் காலை, முந்தின நாள் விட்ட அதிகாரத்திலிருந்தே வாசியுங்கள். பிராயச்சித்தமாக உபவாசம் என்று தனக்குத்தானே அபராதம் போட வேண்டாம். உபவாசம் நல்லது, அபராதமாக அல்ல.

பாவமே இல்லாமல் வறட்சி மட்டும் வருவதும் உண்டு. ஜெபத்தில் ஒன்றும் உணராத நாட்கள் வரும். உணர்வு போனதும் தேவன் போய்விட்டார் என்று முடிவு கட்டுகிறார்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆனாலும் அது ஜெபம்தான். எலியா தீர்க்கதரிசி சோர்ந்து, சாக வேண்டும் என்று கேட்டபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், எலியா மறுபடியும் படுத்துத் தூங்கினான். முதலில் உங்கள் தூக்கக் கணக்கைப் பாருங்கள்.

கண்ணை மூடி வேதத்தைத் திறப்பது

விரல் பட்ட வசனத்தைத் தேவனுடைய பதிலாக எடுத்துக்கொள்வது குறி கேட்பது.

தனி வசனத்தைப் பிய்த்து எடுப்பது

நல்ல முடிவை வாக்களிக்கும் எரேமியா 29:11 எல்லா வாழ்த்து அட்டையிலும் இருக்கிறது. அதற்கு முன் பாபிலோனில் காத்திருக்க வேண்டிய எழுபது வருஷம் முந்தின வசனத்தில் இருக்கிறது, அது எந்த அட்டையிலும் இல்லை.

விசுவாசம் போதும் என்று மருந்தை நிறுத்துவது

வேண்டாம். உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கத்தான் சொன்னார்.

வீட்டாரை ஒரே வாரத்தில் மாற்றப் பார்ப்பது

கதரேனரின் நாட்டில் பிசாசு பிடித்திருந்து குணமானவனிடம் இயேசு, வீட்டுக்குப் போய்த் தனக்குக் கர்த்தர் செய்ததை அறிவிக்கச் சொன்னார். வீட்டார் கும்பிடுவதைப் பழிக்கச் சொல்லவில்லை.

சபையைப் பார்க்காமல் சேருவது

வீடியோப் பிரசங்கம் போதும் என்பவர் அப்போஸ்தலர் 2:42ஐ எடுத்துப் பார்க்கட்டும். உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். நடுவில் இருக்கும் இரண்டும் தனி அறையில் நடக்காது. அதற்காகக் கண்டதில் சேர வேண்டாம். ஞானஸ்நானத்தின் முறையில் சபைக்குச் சபை வித்தியாசம் உண்டு, அதை எடுக்கும் முன்பே கேளுங்கள். நாலைந்து வாரம் உட்கார்ந்து கவனியுங்கள். வேதம் திறக்கப்படுகிறதா, காணிக்கைக் கணக்கு சபையார் முன் வைக்கப்படுகிறதா, போதகரிடம் கேள்வி கேட்டால் பதில் வருகிறதா, சாபம் வருகிறதா. குடும்பத்தோடு பேச்சை நிறுத்தச் சொன்னாலோ, ஆசீர்வாதத்துக்குத் தொகை சொன்னாலோ, அடுத்த ஞாயிறு வேறு சபைக்குப் போங்கள்.