ஏசி திடீர்னு நின்னா பண்ணக்கூடாதது: முக்கியமா அந்த எம்சிபியை விட்ருங்க

ஃபில்டரைக் கழுவுங்க, ரிமோட் பேட்டரியை மாத்திப் பாருங்க, இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, அதனால விட்டுடுறேன். ஏசி சர்வீஸ் என் தொழில். கூட வேலை கத்துக்க வர்ற பசங்களும் சரி, வீடியோ பாத்துட்டு ஸ்க்ரூடிரைவரோட நிக்கிற வீட்டுக்காரங்களும் சரி, நான் ஒரு காலத்துல பண்ண கூத்தையே அச்சு பிசகாம பண்றாங்க. வெக்கைல பொறுமை போயிடுது, குழந்தை அழுவுது, யாராவது ஏதாவது பண்ணுங்கன்னு வீடே கத்துது, அந்த அவசரத்துலதான் எல்லாம் கெடுது.

ட்ரிப் ஆன எம்சிபியைத் திரும்பத் திரும்ப ஏத்துறது

எம்சிபின்னா போர்டுல இருக்குற சுவிட்ச், கரண்ட் அளவுக்கு மேல போனா தானா கீழ விழுந்து (அதுதான் ட்ரிப்) சப்ளையை நிறுத்திடும். இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு எரிச்சல் வர்றது அதைத் திரும்பத் திரும்ப மேல ஏத்துற இது ஒண்ணுக்குத்தான். போய் நின்னதும் "எத்தனை தடவை ஏத்துனீங்க"ன்னு கேப்பேன். "ஒரே ஒரு தடவைதான் சார்"னு பதில் வரும். பக்கத்துல நிக்கிற வாண்டு "இல்ல அங்கிள், அப்பா நெறைய தடவை ஏத்துனாரு"ன்னு போட்டுக் குடுத்துடும்.

எம்சிபி கீழ விழுதுன்னா பெரும்பாலும் அது ரிப்பேர் இல்ல, அது தன் வேலையைச் செஞ்சிருக்கு. கம்ப்ரஸர், அதாவது வெளிய இருக்குற அவுட்டோர் யூனிட்டுல கேஸை அழுத்துற மோட்டார், ஸ்டார்ட் ஆகுற அந்த ஒரு கணத்துல ஓடும்போது இழுக்குறதை விட அஞ்சாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஸ்டார்ட் ஆயிட்டா உடனே இறங்கிடும். மோட்டாரைக் கிளப்பி விடுற கப்பாசிட்டர் வீக்கா இருந்தா மோட்டார் சுத்தாது, உறுமிக்கிட்டே அந்தப் பெரிய கரண்டை இழுத்துக்கிட்டே நிக்கும், மோட்டார் உள்ள சுத்தியிருக்குற கம்பி, அதான் வைண்டிங், சூடாகும், எம்சிபி விழும். அப்படியே விட்டிருந்தா கப்பாசிட்டர் மட்டும் மாத்திட்டு அரை மணி நேரத்துல கிளம்பியிருப்பேன். ஒரு வீட்டுல நான் வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி ஏத்திக்கிட்டே இருந்திருக்காங்க, வைண்டிங் கருகி, கரண்ட் கம்ப்ரஸரோட இரும்பு பாடிக்கே பாய்ஞ்சு பாடி ஷார்ட் ஆகிப்போச்சு. அவுட்டோரைத் திறந்தா உப்பிப்போன கப்பாசிட்டர் பல்லைக் காட்டுது. அந்தச் சின்ன சாமானுக்காக ஒரு கம்ப்ரஸர் காலி.

கம்ப்ரஸரோட போனாலும் பரவால்லங்க. வைண்டிங் எரியுறது கேஸும் ஆயிலும் இருக்குற மூடின டப்பாவுக்குள்ள. ஆயில் கருகி ஆசிட் ஆகும், கரி ஆகும், காப்பர் பைப் பூரா பரவும். பைப் லைனைக் கழுவி ஃபிளஷ் பண்ணாம, ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கிற ஃபில்டர் ட்ரையர் மாத்தாம, உள்ள இருக்குற காத்தை உறிஞ்சி எடுக்குற வேக்கம் ஒழுங்கா போடாம புது கம்ப்ரஸர் வெச்சா அந்த ஆசிட் புதுசையும் தின்னுடும். அப்புறம் "டூப்ளிகேட் கம்ப்ரஸர் போட்டுட்டான்"னு எங்களைத்தான் திட்டுவாங்க.

இதெல்லாம் காசோட போற விஷயம். உசுரு விஷயமும் ஒண்ணு இருக்கு. கம்ப்ரஸர்ல வயர் மாட்டுற மூணு பின் இருக்கே, உள்ள ஷார்ட் ஆன கம்ப்ரஸருக்குத் திரும்பத் திரும்ப கரண்ட் குடுத்தா அந்தப் பின் பிய்ச்சுக்கிட்டு வெளிய வரலாம், பின்னாடியே பிரஷர்ல கொதிக்கிற ஆயிலும் கேஸும் பீய்ச்சும், அது தீப்பிடிக்கவும் செய்யும். ஒருத்தர் உள்ள எம்சிபி ஏத்த, இன்னொருத்தர் வெளிய அவுட்டோர் கவரைக் கழட்டிட்டு "சத்தம் வருதா பாரு"ன்னு குனிஞ்சு பாக்குறது இருக்கு பாருங்க, அதைப் பாத்தாலே எனக்கு வயித்தைக் கலக்கும்.

சரி, அப்ப என்னதான் பண்றது? ஏசியோட பிளக்கைக் கழட்டுங்க, இல்லன்னா ஏசிக்குன்னு தனியா இருக்குற ஐசோலேட்டர் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் எம்சிபியை ஒரே ஒரு தடவை ஏத்துங்க. கீழ விழாம நின்னுச்சுன்னா கோளாறு ஏசிலதான், திரும்ப பிளக் போடாதீங்க. ஏசி இல்லாமலே விழுந்தா வயரிங், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஏசி ஆன் பண்ண உடனே டப்புனு விழுந்திருந்தா ஷார்ட்டா இருக்கும், கொஞ்ச நேரம் ஓடிட்டு விழுந்திருந்தா ஓவர்லோட், இல்ல எம்சிபில லூஸ் ஸ்க்ரூ சூடாகுது. போர்டுல ஆர்சிசிபின்னு இன்னொரு சுவிட்ச் இருக்கும், அது விழுந்திருந்தா கரண்ட் எங்கயோ லீக் ஆகுதுன்னு அர்த்தம், யூனிட்டோட இரும்பு பாடில கை வைக்காதீங்க.

இதுக்கும் மேல சில புத்திசாலிங்க இருக்காங்க. "20 ஆம்ப்ஸை எடுத்துட்டு 32 போட்டுட்டேன் சார், இப்ப ட்ரிப்பே ஆகல." எம்சிபி இருக்குறதே சுவத்துக்குள்ள ஓடுற வயரைக் காப்பாத்தத்தான். வயர் தாங்குறதுக்கு மேல எம்சிபி போட்டா, உள்ள வயர் கருகும், எம்சிபி சும்மா வேடிக்கை பாக்கும்.

ரிமோட்ல ஆஃப் பண்ணா ஆஃப் ஆயிடுச்சுன்னு நெனைக்கிறது

கருகல் வாசம் வந்தா ரிமோட்டைத் தேடாதீங்க. ரிமோட்ல நிறுத்தினாலும் ஏசிக்குள்ள இருக்குற போர்டுக்கு சப்ளை வந்துக்கிட்டேதான் இருக்கும், எம்சிபியை இறக்கணும். புகை வந்தா தண்ணி ஊத்தக்கூடாது, கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளிய வந்து ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுங்க.

இறக்கின உடனே கவரைத் திறக்கவும் கூடாது. இன்வெர்ட்டர் ஏசியோட அவுட்டோர் போர்டுல 300 வோல்ட்டுக்கு மேல டிசி நிக்கும், ஆஃப் பண்ணப்புறமும் அது இறங்க சில நிமிஷம் ஆகும். ஸ்க்ரூடிரைவரை வெச்சு கப்பாசிட்டரை ஷார்ட் பண்ணிப் பொறி பறக்க விடுற வீடியோவை எல்லாம் தயவு செஞ்சு பாக்காதீங்க.

ஐஸைக் கத்தியால சுரண்டுறது

இண்டோர் யூனிட்டுக்குள்ள உறைஞ்சு நிக்கிற ஐஸைச் சுரண்டினா, கேஸ் ஓடுற குழாய் (காயில்) ஓட்டையாயிடும். கூலிங்கை நிறுத்தி ஃபேன் மோடுல விடுங்க, தானா உருகட்டும்.

கேஸ் லீக்கைச் சாதாரணமா எடுத்துக்குறது

புது ஏசி பலதுல இருக்குற ஆர்32 லேசா தீப்பிடிக்கக்கூடிய கேஸ். ஆர்290ன்னு ஸ்டிக்கர் இருந்தா அது புரொப்பேன், சமையல் கேஸுக்குச் சொந்தக்காரன். ரெண்டுமே காத்தை விட கனம், தரையோட தங்கும், கீழ படுத்திருக்குறவங்கதான் முதல்ல மாட்டுவாங்க. உஸ்ஸுன்னு சத்தம் கேட்டா ஜன்னலைத் திறங்க, அந்த ரூம்ல தீக்குச்சி உரசாதீங்க, சுவிட்சையும் தட்டாதீங்க, சப்ளையை வெளிய மெயின் போர்டுல கட் பண்ணுங்க. ஒழுகுற இடத்தைக் கையால பொத்தவே கூடாது. ஆர்32 கொதிக்கிறதே மைனஸ் 52 டிகிரி கிட்ட, பட்ட இடம் உறைஞ்சு புண்ணாயிடும்.

அப்புறம், கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோற சாமான் இல்ல. குறைஞ்சிருக்குன்னா ஓட்டை இருக்கு. ஓட்டையைத் தேடாம ரொப்பிட்டுப் போறேன்னு சொல்றவரைத் திருப்பி அனுப்புங்க.

அவுட்டோரைப் பாக்க ஜன்னல் வழியா இறங்குறது

இறங்காதீங்க.

மெஷினைப் பாத்துக்கிட்டு ஆளை விட்டுடுறது

வயசானவங்களையும் கைக்குழந்தையையும் முதல்ல வேற ரூமுக்கோ பக்கத்து வீட்டுக்கோ அனுப்பிட்டு அப்புறம் போன் போடுங்க. ரூம் 40 டிகிரியைத் தாண்டிடுச்சுன்னா ஃபேன் அனலைத்தான் மேல அடிக்கும், ஈரத்துணியால உடம்பைத் துடைச்சு விடுங்க. ஆளு குழறிப் பேசுறாங்க, மயக்கமா இருக்காங்கன்னா மெக்கானிக்குக்கு அப்புறம் பேசலாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

போன்ல "ஓடலை சார்"னு மட்டும் சொல்றது

இண்டோர் ஓடுதா, வெளிய சத்தம் வருதா, டிஸ்ப்ளேல என்ன கோட், எந்த லைட் எத்தனை தடவை மினுக்குதுன்னு சொன்னா தேவையான பார்ட்டோட வரலாம். பவரைக் கட் பண்ணா அந்தக் கோட் பல மாடல்ல அழிஞ்சிடும், அதனால முன்னாடியே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. கருகல் வாசம் இருந்தா மட்டும் போட்டோ வேணாம், நேரா எம்சிபிதான்.