ஒரு சேர், ஒரு தாள், இரண்டு மாணவர்: பல் மருத்துவ, பார்மசி மாணவர்களைச் சேர்த்துப் பழக்குவது எப்படி?

இரண்டு கல்லூரி மாணவர்களையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து ஸ்லைடு போட்டுக் காட்டுவது கூட்டுப் பயிற்சி ஆகாது. ஒருவரோடு ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரைப் பற்றி ஒருவர் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே சொல்லிவிட்டது. அதற்கான இடம் ஓ.பி. எனும் புறநோயாளிப் பிரிவு. நோயாளி சேரில் உட்கார்ந்த பிறகு, மரப்பு ஊசி போடுவதற்கு முன்னால் கிடைக்கும் கால் மணி நேரத்தில்தான் இது நடக்க வேண்டும்.

பி.டி.எஸ். (பல் மருத்துவம்) மூன்றாம் ஆண்டு அல்லது இறுதியாண்டு மாணவரோடு பார்ம்.டி. (பார்மசி) நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவரைச் சேருங்கள். பல் மருத்துவ மாணவர் இரண்டாம் ஆண்டிலேயே மருந்தியல் முடித்திருப்பார், அதனால் பேச்சு சமமாகப் போகும். ஒருவர் ஹவுஸ் சர்ஜனாகவும் மற்றவர் இரண்டாம் ஆண்டாகவும் இருந்தால், சின்னவர் எடுபிடி ஆகிவிடுவார். ஜோடியை இரண்டு வாரத்துக்கு மாற்றாதீர்கள். காலை ஓ.பி.யில் மூன்று நோயாளி போதும்: பல் எடுக்க வந்த சுகர் அல்லது பிரஷர்காரர், இதய நோயாளி, குழந்தை. வெறும் ஸ்கேலிங்குக்கு (பல் சுத்தம் செய்ய) வந்த கல்லூரிப் பையனிடம் இந்த ஜோடிக்கு அதிக வேலை இல்லை.

முதல் வேலை மருந்துப் பட்டியல். "மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் நம் பக்கத்தில் வரும் பதில் "ஒண்ணும் இல்ல". இன்சுலின் 'ஊசி', அதனால் மருந்துக் கணக்கில் வராது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் மாத்திரை தினமும் போடுவது, அதனால் அதுவும் வராது. வைத்தியசாலை அரிஷ்டம் 'உடம்புக்கு நல்லது'. ஆகவே பெயர் சொல்லியே கேட்கப் பழக்குங்கள்: பிரஷருக்கு? சுகருக்கு? ரத்தம் கட்டாம இருக்க? எலும்புக்கு வாரம் ஒண்ணு? ஊசி? கஷாயம், அரிஷ்டம்? அரிஷ்டத்தில் நொதித்து உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. மதுவோடு சேராத ஆன்டிபயாடிக்கான மெட்ரோனிடசோல் எழுதும்போது டாஸ்மாக்கைப் பற்றிக் கேட்கிற மாணவர் இதைக் கேட்பதில்லை. அட்டையின் பெயர் உள்ள பக்கத்தை வெட்டியிருந்தால் ஊகித்து எழுதக் கூடாது. வீட்டுக்குப் போன் போட்டு மீதி அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்ல வேண்டும்.

இதை எழுத ஒற்றைப் பக்கத் தாள் ஒன்று வேண்டும். இடப்பக்கம் வாயில் கண்டது, வலப்பக்கம் மருந்து. அடியில் ஒரு கட்டம்: "இதனால் நாம் எதை மாற்றுகிறோம்?" அது காலியாக இருந்தால் ஆசிரியர் கையெழுத்துப் போடக் கூடாது. 'மாற்றம் இல்லை' என்றாலும் காரணத்தோடு எழுதட்டும்.

ஒரு மாதிரி. செயற்கை வால்வு வைத்தவர், வயது 62, ரத்தம் கட்டாமல் இருக்க அசெனோகூமரால் போடுகிறார், கீழ்க் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டும். மாணவர் பழக்கத்தில் அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல், டைக்ளோஃபினாக் என்று எழுதுவார். பார்மசி மாணவர் இங்கே நிறுத்த வேண்டும்: மெட்ரோனிடசோல் ஐ.என்.ஆரை (ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் அளவு) ஏற்றும், டைக்ளோஃபினாக் ரத்தக்கசிவைக் கூட்டும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். இதய உள்ளுறை அழற்சியைத் தடுக்க, பல் எடுப்பதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம், ஒரே வேளை. ஐ.என்.ஆர். 24 மணி நேரத்துக்குள் பார்த்ததா? 4-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தாமலே ஒன்றிரண்டு பல் எடுக்கலாம். தையலும் ஜெல்ஃபோமும் (ரத்தத்தை நிறுத்தும் பஞ்சு) கையில் இருக்க வேண்டும். "மூணு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புவதுதான் பெரிய ஆபத்து, ஏனென்றால் வால்வில் ரத்தம் கட்டலாம்.

எதிர்த்திசையிலும் பாடம் நடக்க வேண்டும். டார்ச்சையும் கண்ணாடியையும் பார்மசி மாணவர் கையில் கொடுத்து வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையான அம்லோடிபினால் ஈறு தடிக்கும் என்று புத்தகத்தில் படித்தவர், பல்லின் பாதியை ஈறு மூடியிருப்பதைக் கண்ணால் பார்க்கட்டும்.

குழந்தை என்றால் சிரப் கணக்கு. 12 கிலோ குழந்தைக்குப் பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 180 மி.கி. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.5 மி.லி. சீட்டில் '7.5 மி.லி.' என்று மட்டும் எழுதி, கடையில் 250 மி.கி. சிரப் கொடுத்துவிட்டால் உள்ளே போவது 375 மி.கி., இரண்டு மடங்குக்கும் மேல். சீட்டில் மி.கி., மி.லி., சிரப்பின் வலிமை மூன்றும் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை இருவரும் தனித்தனியே போட்டு ஒப்பிடட்டும். வலி, காய்ச்சல் மருந்தான நிமசுலைடு 12 வயதுக்குக் கீழே கூடவே கூடாது.

குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டிவிட்டு நேரே வருகிறவர் கட்டன் சாயாவோடு சுகர் மாத்திரை போட்டிருப்பார். ஊசிக்கு முன்னால் குளுக்கோமீட்டரில் பாருங்கள், சாப்பிட்டாரா என்று கேளுங்கள். சுகர் குறைந்து சேரில் வியர்த்து மயங்கினால் பயம் என்று நினைத்துவிடுவார்கள். தூத்தூர், குளச்சல் மீனவரிடம் "எப்பம் கடலுக்குப் போறிய?" என்பதே முதல் கேள்வி. நாளை மறுநாள் போகிறார் என்றால் தையல் பிரிக்க யார் வருவார்? கரையும் நூலால் போடுங்கள், மருந்து முழுவதையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.

விளக்கம் சொல்லி முடித்து "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்ல மகள்ட்ட எப்படிச் சொல்லுவிய?" என்று கேட்டு, நோயாளி வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்: பஞ்சை அரை மணி நேரம் கடிக்கணும், 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, எந்த மாத்திரை எத்தனை நாள்.

இந்த ஏற்பாடு கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். பார்மசி மாணவர் சக்‌ஷன் பிடிப்பவராகவோ தாள் நிரப்பும் கிளார்க்காகவோ ஆகிவிடுவார். அல்லது நோயாளி முன்னாலேயே இருவரும் ஆங்கிலத்தில் வாதாடி, அவரைப் பயமுறுத்தி எழுப்பிவிடுவார்கள். வாதத்தைச் சேரிலிருந்து நாலடி தள்ளி, மூன்று நிமிடத்தில் ஆசிரியர் முன்னிலையில் முடித்துக்கொள்ளட்டும்.

மறுநாள் போன் செய்வது பார்மசி மாணவர் வேலை. ரத்தம் நின்றதா, மாத்திரை எப்படிப் போடுகிறார், தடிப்போ அரிப்போ உண்டா. பதிலை அதே தாளில் எழுத வேண்டும். தடிப்பு என்றால் மருந்தை நிறுத்தி உடனே வரச் சொல்லிவிட்டு, பக்கவிளைவுப் படிவத்தை இருவரும் சேர்ந்து நிரப்பட்டும். தேசிய மருந்துக் கண்காணிப்பு எண் 1800-180-3024.