கடலோரத் தாவர ஆராய்ச்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த உயிர் எங்கே, ஏன் வாழ்கிறது என்று பார்க்கும் உயிர்ப்புவியியலில் கடலோரத் தாவரங்களையும், வெளியிலிருந்து வந்து கட்டுக்கடங்காமல் பெருகும் ஊடுருவும் தாவரங்களையும் ஆராய வருகிறவர்களில் பலர் கையில் முடிவோடுதான் வருகிறார்கள். வந்தேறிச் செடி கெட்டது, மண்ணின் செடி நல்லது. பாதித் தவறுகளுக்கு இதுதான் விதை.

எது வந்தேறி என்பதே கடற்கரையில் லேசில் தீராத கேள்வி. அடப்பங்கொடியின் விதை கடலில் நெடுநாள் மிதந்துபோய், ஒதுங்கிய இடத்தில் முளைக்கும். வெப்பமண்டலக் கரைகளில் எங்கு போனாலும் அது கண்ணில் படுவதற்கு, யாரோ கொண்டுபோய் நட்டதுதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். பரவலாக இருப்பதை மட்டும் வைத்து ஒரு செடியை ஊடுருவி என்று எழுதக் கூடாது.

நேர்மாறாகவும் ஏமாறலாம். பிராக்மைட்டிஸ் ஆஸ்திராலிஸ் என்ற நாணல் வட அமெரிக்கச் சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருப்பது. 20ஆம் நூற்றாண்டில் அது கட்டுக்கடங்காமல் பெருகியது. காரணம் புரியாமல் விவாதம் நடந்துகொண்டிருந்தது. 1910க்கு முன் சேகரித்து உலர்த்தி வைத்த மாதிரிகளின் டிஎன்ஏவைப் புதிய மாதிரிகளோடு ஒப்பிட்டு, ஆய்வாளர் கிறிஸ்டின் சால்டன்ஸ்டால் 2002இல் விடை சொன்னார்: பெருகுவது அதே இனம்தான், ஆனால் வெளியிலிருந்து வந்த வேறொரு மரபுவகை. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று.

அந்த விடை கிடைத்ததற்குக் காரணம், நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ சோம்பல்படாமல் செடியை அழுத்தி, சீட்டு எழுதி வைத்தது. இன்று பலர் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். படத்திலிருந்து டிஎன்ஏ எடுக்க முடியாது. புல் வகைகளில் இலையுறையும் இலைத்தகடும் சேரும் இடத்தைப் பார்க்காமல் பல இனங்களைப் பிரிக்கவும் முடியாது. அதனால் மாதிரியை எடுங்கள். இடம், தேதி, ஏற்றநீர்க் கோட்டிலிருந்து தூரம், பக்கத்தில் நின்ற செடிகள் எல்லாவற்றையும் அங்கேயே நின்று எழுதுங்கள். அப்புறம் அதைப் பொதுவான ஹெர்பேரியம் (உலர்தாவரக் காப்பகம்) ஒன்றில் ஒப்படைத்துவிடுங்கள். அறை அலமாரியில் கிடக்கும் மாதிரி ஆராய்ச்சியாளர் ஓய்வு பெறும்போது குப்பைக்குத்தான் போகும்.

அடுத்தது, திரும்பப் போய்க் கண்டுபிடிக்க முடியாத ஆய்வுப் பாத்திகள். மணல்மேடு நகரும், நட்ட குச்சியைப் புயல் கொண்டுபோகும். போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். ஒரு மீட்டர் சதுரச் சட்டம் வைத்து எண்ணுகிறவருக்கு அந்தப் பிழை போதும், மறு ஆண்டு வேறு செடிகளை எண்ணிவிட்டு 'மாற்றம்' என்று எழுத. துல்லியமான அளவைக் கருவியைக் கடன் வாங்கியாவது இடத்தையும் உயரத்தையும் பதியுங்கள். உப்புச் சதுப்பில் ஒரு சாண் உயரம் கூடினாலே செடிகள் மாறும்.

ஒரே நாளில் அலைக்கோட்டிலிருந்து உள்ளே நடந்து, கண்ட வரிசையையே காலவரிசையாக, அதாவது கரையோரம் இளைய இடம், உள்ளே போகப் போகப் பழைய இடம் என்று வாசிப்பதும் பழைய பழக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி மணல்மேடுகளில் தாவரவியலாளர் ஹென்றி கவுல்ஸ் 1899இல் காட்டிய வழி அது. தொடக்கத்துக்குச் சரி. ஆனால் கடற்கரையில் முன்வரிசைச் செடி அந்த இடத்தில் நிற்பதற்கு உப்புச் சாரலும் மணல் மூடுவதும்கூடக் காரணமாக இருக்கலாம்; இடத்தின் வயதுதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டும்.

'இந்தச் செடி பரவவில்லை' என்று முனைவர் பட்டக் காலத்துக்குள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில் அயல் மரங்களும் புதர்களும் கொண்டுவரப்பட்டதிலிருந்து பரவத் தொடங்கும்வரை சராசரியாக 147 ஆண்டுகள் ஆனதாக சூழலியலாளர் இங்கோ கோவாரிக் கணக்கிட்டார். தேடியும் கிடைக்காத இடங்களையும் 'இல்லை' என்று பதிந்து வையுங்கள். பின்னால் வருகிறவருக்கு அந்த வெறும் கட்டங்கள்தான் தங்கம்.

கடைசியாக, 'பிடுங்குங்கள்' என்ற பரிந்துரை. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த ஸ்பார்டினா புல், உள்ளூர் ஸ்பார்டினாவோடு கலந்து கலப்பினமாகப் பெருகியது. அதை ஒழிக்கத் தொடங்கியபோது ரிட்ஜ்வே ரெயில் என்ற அருகிவரும் பறவையின் எண்ணிக்கை சரிந்தது. அது அந்த உயரமான புல்லில்தான் ஒளிந்து வாழ்ந்தது. சில இடங்களில் ஒழிப்பை நிறுத்திவைத்து, பறவைக்கு மறைவிடம் உண்டாக உள்ளூர்ச் செடிகளை நட வேண்டியதாயிற்று.