பழைய மஸ்டாங் வாங்கப் போனால் பூவாளியோடு போங்கள்

போன கோடையில் ஒரு சனிக்கிழமை காலை நண்பர் அழைத்தார். 1966 ஃபோர்டு மஸ்டாங், சிவப்பு, எட்டு சிலிண்டர், சீட்டெல்லாம் புதுசு, விலையும் படிந்துவிட்டது, பணம் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டால் நல்லது என்றார். அமெரிக்காவில் டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஒரு வீட்டில் வண்டி நின்றது. நான் போவதற்குள் பானெட்டைத் திறந்து வைத்து, குரோம் மூடி போட்ட இன்ஜினைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றிருந்தார்.

விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் தோட்டத்திலிருந்த பூவாளியில் தண்ணீர் பிடித்து வந்தேன். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில், வெளிக்காற்று உள்ளே வருவதற்காகச் சல்லடை மாதிரி துளைகள் இருக்கும். வலது பக்கத் துளைகளில் மெதுவாக ஊற்றினேன். வெளியே ஒரு சொட்டு வரவில்லை. அரை நிமிஷம் கழித்து உள்ளே குனிந்து, பக்கத்து சீட்டுக்காரர் கால் வைக்கும் கார்பெட்டைக் கையால் அழுத்தினேன். விரல் இடுக்கில் தண்ணீர் பொங்கியது.

அந்தத் துளைகளுக்குக் கீழே இரண்டு தகடுகளை மூடி வெல்டு வைத்த ஒரு பெட்டி இருக்கிறது. கௌல் என்பார்கள். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி இரண்டு ஓரமும் வழியாக, முன் ஃபெண்டருக்குப் பின்னால் தரையில் விழ வேண்டும். ஐம்பது அறுபது வருஷமாக இலைச் சருகும் ஊசியிலையும் உள்ளே விழுந்து ஈரத்தோடு மக்கிக் கிடந்தால் பெட்டியின் அடித்தகடு அரித்துப்போகும். பிறகு தண்ணீர் ஹீட்டர் பக்கமாக உள்ளே இறங்கும். கார்பெட்டுக்கு அடியில் நிற்கும். தரைத் தகட்டைத் தின்னும். இதைச் சரிசெய்ய முன் ஃபெண்டர்களைக் கழற்றி, வரிசையாக இருக்கும் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாக டிரில் போட்டு எடுத்து, மேல் தகட்டைத் தூக்கி, கீழே புதுத் தகடு வைத்து மறுபடி மூட வேண்டும். அந்தத் தகட்டின் விலை ஒன்றுமில்லை. கூலிதான் ஆளை முழுங்கும்.

அமெரிக்கப் பழைய கார் வாங்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்கிற முதல் தவறு இதுதான் என்று நினைக்கிறேன். இன்ஜினைப் பார்ப்பார்கள், பெயின்ட்டைப் பார்ப்பார்கள், தகரத்தைப் பார்க்க மாட்டார்கள். இன்ஜினை எவராலும் சரிசெய்துவிட முடியும். தகர வேலைக்கு, நம் ஊர் பட்டறைகளில் டிங்கரிங் என்கிறோமே அதற்கு, காசும் பொறுமையும் கைத்திறனும் மூன்றும் சேர்ந்து வேண்டும்.

மஸ்டாங்கில் இது இன்னும் முக்கியம். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் விலையில் அறிமுகமான வண்டி இது. மலிவாகவும் லேசாகவும் செய்ய வேண்டும் என்பதால் உடலைத் தாங்கத் தனியாக அடிச்சட்டம் (சேசிஸ்) கிடையாது. தரையும் பக்கச் சுவர்களும் சேர்ந்துதான் சட்டம். அதே காலத்து ஷெவர்லே இம்பாலாவில் உடலைத் தூக்கினால் கீழே சட்டம் தனியாக நிற்கும். மஸ்டாங்கில் தரை உளுத்தால் முதுகெலும்பே உளுத்த மாதிரி. அதனால் வாங்கும்போது படுத்துப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் தரையையும் ஓரத் தகட்டையும் இணைக்கும் டார்க் பாக்ஸ் (torque box) என்ற பெட்டி, ஓட்டுநர் காலடி, பின் சக்கர வளைவின் உதடு, டிக்கியின் ஓரம் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். டிக்கியில் இன்னொரு வேடிக்கை: இந்த வண்டியில் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம்தான் டிக்கியின் தரை. பெட்டி வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு டேங்கின் மேலேயே வைத்துக்கொண்டிருப்போம்.

கையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் கீறாமலிருக்க மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதியிலும் சக்கர வளைவிலும் ஒட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தால் அங்கே தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறது. பட்டி தப்பில்லை, ஒரு மில்லிமீட்டருக்குப் பூசினால் அழகு, விரல் தடிமனுக்குப் பூசினால் மோசடி.

நண்பரின் சிவப்பு வண்டிக்கு வருவோம். ஓட்டுநர் பக்கம் பானெட்டைத் திறந்தால் உள் ஃபெண்டரின் மேல் விளிம்பில் வண்டி எண் அடித்திருக்கும். முதல் எண் வருஷம். அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெட்டச்சன். பிறகு இரண்டு இலக்கம் உடல் வகை: 07 சாதாரண கூப்பே, 08 மடக்குக் கூரை, 09 ஃபாஸ்ட்பேக். ஐந்தாவது இடம்தான் விஷயம், அது இன்ஜின். சி, ஏ, கே மூன்றும் 289 கன அங்குல எட்டு சிலிண்டர். முறையே 200, 225, 271 குதிரைசக்தி. டி (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர், 120 குதிரைசக்தி. அந்த வண்டியில் ஐந்தாவது இடத்தில் டி இருந்தது.

சக்கர நட்டுகளை எண்ணச் சொன்னேன். நான்கு. ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்கு நான்கு நட்டு, எட்டு சிலிண்டருக்கு ஐந்து. யாரோ எட்டு சிலிண்டர் இன்ஜினை உள்ளே இறக்கிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஃபோர்டு எட்டு சிலிண்டருக்குப் பத்து அங்குல டிரம் பிரேக் கொடுத்தது. ஆறுக்கு ஒன்பது அங்குலம். முன் ஸ்பிரிங், ஸ்டியரிங் தண்டுகள், பின் ஆக்ஸில், ரேடியேட்டர் எல்லாமே வேறு. ‘ஆறு சிலிண்டர் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கி எட்டு போட்டுக்கொள்ளலாம்’ என்பது பலர் போடும் கணக்கு. முழுசாகச் செய்தால் எட்டு சிலிண்டர் வண்டியையே வாங்கியதை விட அதிகம் ஆகும். அரைகுறையாகச் செய்தால் நிற்காத வண்டியாகும். ஆறு சிலிண்டர் பிடித்திருந்தால் ஆறாகவே வைத்துக்கொள்ளுங்கள். பானெட்டுக்குள் கை விட இடம் இருக்கும், பெட்ரோல் குறைவாகக் குடிக்கும். என்னுடையது ஆறுதான், ரசிகர் கூட்டத்தில் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

வண்டி விவரம் பொறித்து, கதவில் ரிவெட் அடித்த தகட்டைக் காட்டி ‘ஒரிஜினல்’ என்று சத்தியம் செய்வார்கள். அந்தத் தகட்டைப் புதிதாக அடித்துத் தர ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். ‘இன்ஜின் நம்பர் பொருந்துகிறது’ என்பதும் 1966 மஸ்டாங்கில் கே இன்ஜினுக்குத்தான் அர்த்தமுள்ள பேச்சு, ஏனென்றால் அதில்தான் வண்டி எண்ணை இன்ஜினிலும் அடித்தார்கள். மற்றவற்றில் வார்ப்புத் தேதியை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். ஃபோர்டின் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் 1967 மாடலிலிருந்துதான் கிடைக்கும். டைட்டில் என்கிற உரிமைப் பத்திரத்தில் இருக்கும் எண்ணும் தகரத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் மட்டும் பணத்தை எடுக்காதீர்கள்.

கழற்றுவது சுகம், மாட்டுவதுதான் பாடு

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வார இறுதியில் எல்லோருக்கும் ஒரு வெறி வரும். சீட்டு, கதவு, டேஷ்போர்டு, இன்ஜின் எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிடும். இரண்டு வருஷம் கழித்து கராஜில் பெயர் தெரியாத போல்ட் நிறைந்த காபி டப்பாக்கள் மட்டும் மிஞ்சும். இங்கே பழைய கார் விளம்பரங்களில் பாதி விலைக்குப் பெட்டி பெட்டியாக விற்கப்படும் வண்டிகள் எல்லாம் இப்படிப் பிரிக்கப்பட்டவைதான்.

முடிந்தவரை ஓடும் நிலையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதியாகச் செய்யுங்கள். கழற்றுவதற்கு முன் போனில் படம், கழற்றியதும் ஜிப் கவரில் போட்டு எழுதிய சீட்டு. போல்ட்டை அது இருந்த ஓட்டையிலேயே தளர்வாகத் திருப்பி வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

என் பங்குக்கு ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கார் கம்பெனியில் வேலை, ஆனால் கம்ப்யூட்டர் திரையில்தான் காரைப் பார்த்துப் பழக்கம். என்னிடம் இருந்த சாக்கெட்டெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. 1966 ஃபோர்டில் எல்லாம் அங்குலம். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர், 13 போட்டால் கச்சிதமாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும். துருப்பிடித்த போல்ட்டில் முழுப் பலம் கொடுத்தேன், ஆறு மூலையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, மழுங்கிய தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டு அடித்தார். அந்தச் சூட்டோடு ஸ்பேனர் போட்டதும் போல்ட் முனகிக்கொண்டே வந்தது. மறுநாள் அங்குல சாக்கெட் ஒரு செட் வாங்கினேன்.

தரையை வெட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கதவு வாசலில் குறுக்குக் கம்பி வெல்டு வைத்துப் பிடிக்காமல் தரையை அறுத்தால் உடல் தொய்ந்துவிடும். மடக்குக் கூரை வண்டியில் இது நிச்சயம் நடக்கும். புதுத் தரை அழகாக உட்கார்ந்திருக்கும், கதவு மட்டும் சாத்தாது. அதே போல, பெயின்ட்டை எடுக்கிறேன் என்று பானெட்டையும் கதவையும் மணல் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். வேகமாக அடிக்கும் மணலில் மெல்லிய தகடு அப்பளம் மாதிரி நெளிந்துபோகும், மறுபடி நிமிர்த்த முடியாது. ஆக்ஸில் மாதிரி தடித்த பாகங்களுக்கு மணல், மேல் தகடுகளுக்கு ரசாயனம் அல்லது கை உழைப்பு.

பெயின்ட் கடைசி வேலை. முதலில் அடித்துவிட்டு அப்புறம் இன்ஜின் ஏற்றுகிறவர்கள் முன் ஃபெண்டரில் கீறல் இல்லாமல் முடித்ததை நான் பார்த்ததில்லை. இன்றைய இரண்டு கலவை யூரித்தேன் பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. சாதாரண முகமூடியோடு கராஜில் அடிக்காதீர்கள், நுரையீரல் போய்விடும்.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

பல வருஷம் ஷெட்டில் கிடந்த வண்டியில் இன்ஜினை உறும வைத்து வீடியோ எடுத்து அனுப்புவதில் ஒரு பெருமை இருக்கிறது. அதே நாள் தெருவிலும் ஓட்டிவிடுவார்கள். பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்; 1966 வரை மஸ்டாங்கில் அதற்கு ஒரே அறை. நான்கு சக்கரங்களில் எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும் பெடல் தரையைத் தொடும், மொத்த பிரேக்கும் போகும். 1967 முதல் ஃபோர்டு இரண்டு அறை வைத்தது: முன்பக்கம் போனாலும் பின்பக்கம் மிஞ்சும். என் வண்டியில் தோற்றத்துக்குக் கேடு வந்தாலும் பரவாயில்லை என்று முதலில் மாற்றியது அதைத்தான். அசல் சுத்தம் பேசுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கண்காட்சியில் மட்டும் நிற்கும் வண்டி என்றால் அவர்கள் சொல்வதும் சரி.

பிரேக் ஹோஸ் மூன்றையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரப்படுத்தித் துடையுங்கள். டயரில் காடு மாதிரி பட்டன் இருந்தாலும் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2309 என்றால் 2009ஆம் வருஷம் 23ஆம் வாரம். பத்து வருஷம் தாண்டியதில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் பொதுவாகப் பத்து சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸை அது ஊறவைத்து இளக்கிவிடும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டுவதற்கு இது ஒன்று போதும். எத்தனால் தாங்கும் ஹோஸ் சில டாலர்தான். ஆயிலும் அப்படித்தான். வால்வுகளைத் திறக்கும் தட்டையான டாப்பெட்டும் கேம்ஷாஃப்டும் ஒன்றோடொன்று தேய்வதைத் தடுக்கத் துத்தநாகச் சேர்மம் வேண்டும். இன்றைய கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற அதைக் குறைத்துவிட்டார்கள். விலை உயர்ந்தது நல்லது என்று புதுக் காருக்கான மெல்லிய சிந்தெடிக்கை ஊற்றி, புதிதாகப் போட்ட கேம்ஷாஃப்டைச் சில நூறு மைலுக்குள் மழுக்கியவர்கள் உண்டு. பழைய வண்டிக்கென்றே துத்தநாகம் கூட்டிய ஆயில் விற்கிறது, அதை வாங்குங்கள்.

காப்பீட்டில் ஒரே ஒரு சொல்லைக் கவனியுங்கள். வழக்கமான பாலிசியில் விபத்து நடந்த அன்று வண்டிக்குச் சந்தை மதிப்பு என்ன என்று அவர்கள் சொல்வார்கள். ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ பாலிசியில் இரண்டு தரப்பும் முன்கூட்டியே ஒரு தொகை எழுதிக்கொள்வார்கள். இரண்டாவதுதான் வேண்டும்.

எல்லாம் முடித்துவிட்டு வண்டியைப் போர்வை போர்த்தி வைத்துக் கும்பிடுகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. ஓடாத வண்டியில் சீல் காயும், பிரேக் இறுகும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும். டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் 26 வருஷம் ஆன வண்டிக்கு வரலாற்று நம்பர் பிளேட் வாங்கலாம். கண்காட்சி, ஊர்வலம், கிளப் வேலை என்றுதான் அதில் ஓட்டலாம், ஆனால் ஆகஸ்ட் மாதம் முழுக்க இஷ்டம்போல் ஓட்டலாம். அந்த ஆகஸ்டில்தான் உட்வர்ட் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் வருகிறது. 1995இல் டெட்ராய்ட்டை ஒட்டிய ஃபெர்ன்டேலில் பிள்ளைகளின் கால்பந்து மைதானத்துக்காகப் பணம் திரட்டத் தொடங்கியது. இன்று உட்வர்ட் சாலை நெடுகப் பழைய கார்கள் ஆமை வேகத்தில் ஊர்கின்றன. ஆமை வேகம் என்றேனே, அங்கேதான் அடைப்பெடுக்காத ரேடியேட்டர்கள் ஆவி கக்கிக்கொண்டு ஓரம் கட்டும். முந்தின வாரமே வீட்டு வாசலில் இருபது நிமிஷம் நிற்க வைத்து ஓடவிட்டு, சூடு ஏறுகிறதா என்று முள்ளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

குளிர்காலத்தில் சாலையில் உப்பு விழுந்ததும் வண்டி உள்ளே போய்விட வேண்டும். டேங்க் நிறையப் பெட்ரோல், அதில் ஸ்டெபிலைசர், பேட்டரிக்கு மெல்லிய சார்ஜர், எலி நுழையாமல் சைலென்சர் வாயில் இரும்பு நார். வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைப்பது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். செய்யாதீர்கள். இன்ஜின் முழுசாகச் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவதால் எரிபொருள் எரிந்து வந்த நீராவி சைலென்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும், உள்ளிருந்தே துருப்பிடிக்கும். சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டு ஏப்ரல் மழை உப்பைக் கழுவும்வரை காத்திருங்கள்.

நண்பர் அந்தச் சிவப்பு வண்டியை வாங்கவில்லை. பூவாளி மட்டும் ஒன்று வாங்கித் தன் கார் டிக்கியில் வைத்திருக்கிறார்.