சாந்தினி சௌக்குக்குச் சாப்பிடப் போகிறவர்கள் செய்கிற தவறுகள்

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. பழைய டெல்லியின் கடைத்தெருவான சாந்தினி சௌக்கில், பராந்தாக் கடைகள் வரிசையாக இருக்கிற பராந்தே வாலி கலி என்ற சந்தில் நானும் மனைவியும் ஒரு முள்ளங்கிப் பராந்தாவை ஆளுக்குப் பாதி பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து பெஞ்சில், டெல்லிக்கு வேலைக்கு வந்து ரெண்டு மாசம்கூட ஆகாத தமிழ்ப் பையன் ஒருத்தன், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு ஆளுக்கு மூணு சொன்னான். வேண்டாம் தம்பி என்று வாய்வரை வந்துவிட்டது. பர்ஸ் பத்திரம், பேரம் பேசுங்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

முதல் கடையிலேயே வயிற்றை நிரப்புவது

இதை நானே செய்தவன்தான். சில வருஷம் முன்னால் ஒரு குளிர்காலத்தில் திருச்சியிலிருந்து சித்தி வந்திருந்தார். நேராக இந்தச் சந்துக்குத்தான் கூட்டிப்போனேன். இங்கே பராந்தாவைத் தோசைக்கல்லில் போடுவதில்லை. நெய் நிறைந்த இரும்புச் சட்டியில் பூரி மாதிரி முக்கிப் பொரிக்கிறார்கள். கூடவே பரங்கிக்காய், உருளைக்கிழங்கு, வாழைப்பழத் துண்டு போட்ட புளிச் சட்னி. பட்டாணி ஒன்று, காலிஃபிளவர் ஒன்று, பாகற்காயில்கூட இருக்கு சித்தி என்று பெருமையாக இன்னொன்று. "பூரிக்குள்ள பொரியலை வெச்சுட்டான்டா" என்று சிரித்துக்கொண்டே மூன்றையும் சாப்பிட்டார்.

வெளியே வந்து கினாரி பஜார் பக்கம் திரும்பினால் தௌலத் கி சாட்காரர் நிற்கிறார். பாலை விடியவிடியக் குளிரில் வைத்துக் கடைந்து, மேலே திரள்கிற நுரையை மட்டும் எடுத்துக் குவித்து, குங்குமப்பூ, கோவா, சர்க்கரைப்பொடி தூவித் தருவார்கள். வாயில் வைத்தால் இனிப்பு மட்டும் நிற்கும், நுரை எங்கே போனது என்று தெரியாது. சித்தி அரை ஸ்பூன் எடுத்தார், முகம் மலர்ந்தது, அப்புறம் கிண்ணத்தை என்னிடமே நீட்டிவிட்டார். "முடியலடா, அடுத்த தடவை பாத்துக்கலாம்." தரீபா தெரு முனை ஜிலேபியையும், நம்ம தயிர்வடைக்குத் தூரத்துச் சொந்தமான தஹி பல்லாவையும் வேடிக்கை பார்த்தபடியே மெட்ரோ ஏறினோம்.

அடுத்த தடவை அவர் வந்தது மே மாசம். அந்த நுரை வெயிலில் நிற்காது, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான். அதற்குப் பிறகு முழங்கால் வலி, டெல்லிப் பக்கம் வரவே இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் குளிர்காலமென்றால் வயிறு காலியாக இருக்கும்போதே தௌலத் கி சாட், அப்புறம் தஹி பல்லா, ஜிலேபி ஒரு சுற்று, பராந்தா கடைசியில், அதுவும் ரெண்டு பேருக்கு ஒன்று. முதலிலேயே பெஞ்ச் தேடி உட்காராதீர்கள், உட்கார்ந்தால் ஆர்டர் தானாக ஏறும்.

யமுனையைத் தேடுவது

செங்கோட்டை கட்டியபோது ஆறு கிழக்குச் சுவரை ஒட்டி ஓடியது. இப்போது விலகிப் போய்விட்டது, அந்த இடத்தில் ரிங் ரோடு. 1650 வாக்கில் ஷாஜகானின் மகள் ஜஹானாரா அமைத்த கடைத்தெரு இது. நடுவில் கால்வாய் ஓடியது, சதுக்கத்தில் குளம் இருந்தது. குளத்தில் நிலா தெரிந்ததால்தான் சாந்தினி சௌக் என்பார்கள். கால்வாயை எப்போதோ மூடிவிட்டார்கள். இன்று தண்ணீர் வேண்டுமென்றால் பாட்டில்தான்.

காரில் போவது

2021ல் தெருவைச் சீரமைத்ததிலிருந்து காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மெட்ரோவில் போங்கள்: மஞ்சள் லைனில் சாந்தினி சௌக் ஸ்டேஷன், வயலட் லைனில் லால் கிலா, அதாவது செங்கோட்டை ஸ்டேஷன். தெருவின் மறுகோடியில் இருக்கிற ஃபதேபுரி மசூதி வரை நடக்க முடியாதவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா.

ஞாயிற்றுக்கிழமை

கடைகளில் பாதிக்கு மேல் ஷட்டர்தான்.

திங்கட்கிழமை

செங்கோட்டைக்கு விடுமுறை.

காரி பாவ்லியை முதலில் வைப்பது

காரி பாவ்லி மசாலாச் சந்தை. அங்கே மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே தும்மித் தும்மி ஓய்ந்து, ரெண்டு கையிலும் முந்திரிப் பையோடு ஜிலேபிக் கடைக்கு வந்தால் எந்தக் கையால் வாங்குவீர்கள்?