பூட்டைப் பின்தொடருங்கள்: 'மஸ்டாங்' படத்தை வைத்துத் திரைக்கட்டுரை எழுதிப் பழகலாம்

'கமிங் ஆஃப் ஏஜ்' படம், அதாவது சின்னவயதிலிருந்து வளர்ந்து ஆளாவதைச் சொல்லும் படம், என்பதைத் தமிழில் சொல்லப் போனால் மாட்டிக்கொள்வோம். 'வயசுக்கு வந்த படம்' என்றால் யார் வீட்டு மஞ்சள் நீராட்டு வீடியோ என்று கேட்பார்கள். ஆனால் அந்தக் குழப்பத்துக்குள்தான் விஷயமே இருக்கிறது. பையன் வளர்ந்தால் வாசற்கதவு திறக்கும். பெண் வளர்ந்தால் அதே கதவைச் சாத்துவார்கள். அதனால் பெண்பிள்ளைகளின் பதின்பருவக் கலகத்தைச் சொல்லும் படங்களில் வசனத்தைவிடக் கதவு அதிகம் பேசும்.

இந்த வகைப் படங்களைப் பற்றி எழுத உட்கார்ந்து, 'பெண் விடுதலையை அழுத்தமாகப் பேசும் படம்' என்ற ஒரே வரியோடு நின்றுபோகிறவர்களுக்கான செய்முறை இது. நானும் அப்படிப்பட்ட வரிகளை வண்டி வண்டியாக எழுதியவன்தான்.

பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் படம் 'மஸ்டாங்' (2015). இயக்கியவர் டெனிஸ் கம்ஸெ எர்குவென். இது அவருடைய முதல் முழுநீளப் படம். துருக்கியில், கருங்கடல் கரையோர ஊர் ஒன்றில், பாட்டி வீட்டில் வளரும் தாய் தகப்பனில்லாத ஐந்து சகோதரிகளின் கதை. முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

படி 1: முதல் தடவை சும்மா பாருங்கள்

பேனாவைத் தொடாதீர்கள். படம் ஒன்றரை மணி நேரம்தான். முடிந்ததும் மனதில் தங்கிய மூன்று காட்சிகளை மட்டும் குறித்து வையுங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் நோட்டு.

படி 2: குற்றப்பத்திரிகை எழுதுங்கள்

'அவள் செய்த முதல் குற்றம் என்ன? யார் பார்வையில்?' இதற்கு ஒரு வரியில் பதில் எழுதுங்கள். மஸ்டாங்கில் பதில் எளிது. பள்ளியின் கடைசி நாளில், கடலில், கூடப் படிக்கும் பையன்களின் தோளில் ஏறி விளையாடுகிறார்கள். அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் ஒருவர் பாட்டியிடம் வத்தி வைக்கிறார். வீடு திரும்பினால் அடி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெண்கள் கலகம் எதுவும் செய்யவில்லை, விளையாடினார்கள். அதற்குக் கலகம் என்று பெயர் வைத்தது ஊர். கட்டுரையில் 'அடங்காத பெண்கள்' என்று எழுதப் போகும்போது இந்த வரியைத் திருப்பிப் படித்துவிட்டு எழுதுங்கள்.

படி 3: ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான். படத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். இங்கே நான் எடுப்பது பூட்டும் கம்பியும். பொருள் வரும் ஒவ்வொரு இடத்தையும் வரிசையாக எழுதுங்கள்.

முதலில் ஃபோனும் கம்ப்யூட்டரும் அலமாரிக்குள் போகின்றன. பிறகு உடை மாறுகிறது, உருவமே தெரியாத தொளதொளப்பில். சமையல், தையல் பாடங்கள் தொடங்குகின்றன. கதை சொல்லும் கடைக்குட்டி லாலே, வீடே மனைவிகளைத் தயாரிக்கும் தொழிற்சாலையாகிவிட்டது என்கிறாள். பெண்கள் ஒரு தடவை தப்பித்துக் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போகிறார்கள். அப்புறம் மதில் உயர்கிறது, சன்னல்களில் கம்பி ஏறுகிறது.

இப்போது கடைசிப் பகுதிக்கு வாருங்கள். நான்காவது அக்கா நூரின் கல்யாண நாள். எல்லோரும் வெளியே நிற்கும்போது, நூரும் லாலேயும் உள்ளிருந்து கதவை அடைத்துக்கொள்கிறார்கள். தங்களைச் சிறைவைக்கப் போட்ட அதே கம்பி, இப்போது வீட்டை அடக்கி ஆளும் சித்தப்பாவை உள்ளே விடாமல் தடுக்கிறது. முதல் தடவை இது என் கண்ணில் படவே இல்லை. வரிசையாக எழுதி வைத்த பிறகுதான் பிடிபட்டது. உங்கள் கட்டுரையின் நடுப்பத்தி இங்கிருந்து கிடைத்துவிடும்.

படி 4: ஐந்து பேரையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்

ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். மூத்தவள் சோனாய் பெண் பார்க்க வந்தவர்களை மறுத்து, காதலித்தவனையே கட்டிக்கொள்கிறாள். ஜெயித்துவிட்டாள் என்று எழுதத் தோன்றும். அவசரப்படாதீர்கள்: அவள் வேண்டாம் என்ற மாப்பிள்ளை அடுத்தவள் செல்மா தலையில் விழுகிறான். ஒருத்தியின் வெற்றிக்கு இன்னொருத்தி விலை கொடுக்கிறாள். மூன்றாமவள் எஜே உயிரையே விட்டுவிடுகிறாள். லாலேயோ யாசின் என்ற லாரி ஓட்டுநரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, நாள் பார்த்துக் காத்திருக்கிறாள். கத்துவது மட்டுமல்ல, காத்திருப்பதும் கலகம்தான்.

படி 5: பூட்டும் கை யாருடையது?

சித்தப்பாவை வில்லனாக்கிவிட்டுப் போய்விடலாம், அது சுலபம். ஆனால் பாடம் நடத்துவதும் மாப்பிள்ளை பேசுவதும் பாட்டி. இன்னொரு பக்கம், கால்பந்து ஆட்டத்தின் பெண் ரசிகைகள் கூட்டத்தில் இவர்கள் டிவியில் தெரிந்துவிட, ஆண்கள் பார்க்கும் முன் வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கிறாள் அத்தை. அது போதாமல் ஊர் மின்சாரத்தையே கல்லெறிந்து நிறுத்துகிறாள். அரங்கே சிரித்து ஓயும் காட்சி. பூட்டுகிற கூட்டத்துக்குள்ளேயே காப்பாற்றுகிற கையும் இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதுங்கள்.

படி 6: எதிர்ப்பேச்சையும் கேளுங்கள்

இயக்குநர் அங்காராவில் பிறந்து ஃபிரான்ஸில் வளர்ந்தவர். படம் ஆஸ்கருக்குப் போனதும் ஃபிரான்ஸ் சார்பில். 'வெளியூர்க்காரர் கண்ணால் பார்த்த துருக்கி' என்ற குறை துருக்கியிலேயே எழுந்தது. கடைசியில் இரண்டு பெண்களும் இஸ்தான்புல்லுக்குப் போய் லாலேயின் பழைய பள்ளி டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கிராமம் என்றால் சிறை, நகரம் என்றால் விடுதலை, இந்தக் கணக்கு சரிதானா? எனக்கு முழுச் சம்மதமில்லை. உங்களுக்கு எப்படி என்று நேர்மையாக இரண்டு வரி எழுதுங்கள்.

படி 7: எழுதுங்கள்

முதல் வரைவில் 'பெண்ணியம்', 'ஆணாதிக்கம்', 'விடுதலை' மூன்றுக்கும் தடை. படி 3-இல் எழுதிய பட்டியலின் கடைசிக் காட்சியிலிருந்தே தொடங்குங்கள்: 'கல்யாண வீட்டுக் கதவை மணப்பெண்ணே உள்ளிருந்து அடைக்கிறாள்.' பிறகு பின்னோக்கிப் போய், அந்த வீட்டுக்குக் கம்பி எப்படி வந்தது என்று சொல்லுங்கள். ஐந்தாறு பத்தி போதும்.

அடுத்த பயிற்சிக்கு 'வஜ்தா' (2012). ஹைஃபா அல் மன்சூர் இயக்கியது. முழுக்க சவுதி அரேபியாவிலேயே எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் படம். பத்து வயதுப் பெண்ணுக்கு ஒரு பச்சை சைக்கிள் வேண்டும், விலை 800 ரியால். இந்தத் தடவை பூட்டை விட்டுவிட்டு, அவள் கையில் சேரும் காசை எண்ணிக்கொண்டே பாருங்கள். குர்ஆன் ஓதும் போட்டியின் பரிசுப் பணம் 1000 ரியால் எங்கே போகிறது, சைக்கிளுக்குக் கடைசியில் யார் காசு கொடுக்கிறார்கள் என்பதை நோட்டில் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள்.