படகு எடுக்கும் முன் வீட்டில் கேளுங்கள்

பினாங்கில் பிறந்து வெளிநாட்டில் குடியேறியவர்கள் டிசம்பர் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, தீவில் தங்கித் தனிப் படகு எடுத்து ஆழ்கடலில் தூண்டில் போட ஆசைப்படுவார்கள். காலமும் ஒத்துவரும். வடகிழக்குப் பருவமழையில் மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளான ரெடாங், தியோமான் பக்கம் கடல் கொந்தளித்து விடுதிகள் பல மூடிக்கிடக்கும். பினாங்கு இருக்கும் மேற்குக் கரையில், மலாக்கா நீரிணையோ அமைதியாக இருக்கும். கிழக்குக் கரை ரொம்பினில் மயில்மீன் பிடிக்க நினைப்பவர்கள் மட்டும் ஏப்ரலுக்குப் பிறகு வரட்டும். லங்காவிக்குப் போகிறவர்கள் பாயார் தீவுப் பக்கம் தூண்டிலை எடுக்கவே கூடாது. அது கடல் பூங்கா, சுற்றிலும் இரண்டு கடல் மைலுக்கு மீன்பிடிக்கத் தடை.

ஆனால் கடல் அமைதியாக இருக்கும் இதே மாதங்களில்தான் தைப்பூச விரதமும் வருகிறது. 2026இல் பூசம் பிப்ரவரி 1. நாற்பத்தெட்டு நாள் விரதம் இருப்பவர் வீட்டில் டிசம்பர் நடுவிலேயே மீன்சட்டி பரணுக்குப் போய்விடும்.

பினாங்குக்குத் தெற்கே உள்ள கெண்டி தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போக முழுப் பணமும் கட்டியிருந்தேன். முதல் நாள் இரவு பெரியம்மா வாசலை மறித்து நின்றார். "போறதுன்னா போ. கவிச்சி வாடையோட இந்தப் படி ஏறக்கூடாது." ஓட்டலில் தங்கிக்கொள்கிறேன் என்றேன். வீடு இருக்கும்போது ஓட்டலா என்று அழுகை. சமாதானம் பேச வந்த மாமா, "வெளிநாடு போனா பழக்கமெல்லாம் மறந்துடுமா?" என்று அவர் பங்குக்கு ஆரம்பித்தார். அத்தைகள் இருவர் போனில் சேர்ந்துகொண்டார்கள். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று படகுக்காரர் கையை விரித்துவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. நள்ளிரவு தாண்டியும் பேச்சு ஓயவில்லை.

தண்ணீர் குடிக்க எழுந்தபோது சாமி அலமாரியில் புளி போட்டுத் துலக்கிய பித்தளைக் குடத்தைப் பார்த்தேன். கழுத்தில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு சீட்டு. சீட்டில் என் பெயர், நட்சத்திரம். "நீ பிளேன் ஏறின வருஷம் வேண்டிக்கிட்டேன். வருஷா வருஷம் எடுக்கிறேன்" என்றார் பெரியம்மா, பின்னால் வந்து நின்று. முட்டி வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு பினாங்கு முருகன் கோயிலான தண்ணீர்மலையின் 513 படிகளையும் ஏறுகிறார். இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை.

ஆகவே டிக்கெட் போடும் முன் போன் செய்து, யார் யார் விரதம், எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள். கடலுக்குப் போயே தீர வேண்டுமென்றால் வந்திறங்கியதும் நேராக பினாங்கின் கடற்கரைப் பகுதியான பத்து ஃபெரிங்கியில் தங்கி, அதை முடித்துவிட்டு, குளித்து, அப்புறம் வீட்டுக்குப் போங்கள். பாதியில் வீட்டைவிட்டு ஓட்டலுக்குக் கிளம்பினால் மனக்கசப்பு தீராது. பிடித்த மீனைப் படகுக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். பயணத்தை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

லீவு கிடைத்தால் பூசத்தை ஒட்டி வந்து, படகை அதற்கு அடுத்த வாரம் வையுங்கள். மார்ச் வரை கடல் பெரும்பாலும் சாதுவாகத்தான் இருக்கும். பூசத்தன்று குடும்பத்தோடு மலை ஏறுங்கள். பால்குடம் எடுப்பவருக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு ஓர் ஆள் வேண்டும்.